நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எழுதக் கற்பித்தல்: ஹோம்ஸ்கூல் எழுத்துப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணக்குப் பாடத்திட்டம் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. நிலைத் தேர்வு இருக்கிறது, விடைப் புத்தகம் இருக்கிறது, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது பத்துக் கணக்குக்குள் தெரிந்துவிடும். எழுத்துக்கு இவை எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஹோம்ஸ்கூல் செய்யும், அதாவது பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும், வீடுகளில் கால்வாசி முடித்த எழுத்துப் புத்தகங்கள் இரண்டு மூன்று அலமாரியில் கிடப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த வழிகாட்டி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதாவது 11 முதல் 14 வயது வரை உள்ள, வயதுக்கு மீறிப் படிக்கிற பிள்ளைகளுக்கானது. இவர்களுக்கு வாங்கும்போது அதிகம் நேரும் பிழை ஒன்று உண்டு: பத்தாம் வகுப்புப் புத்தகத்தைச் சரளமாகப் படிக்கிறதே என்று பத்தாம் வகுப்புக் கட்டுரைப் பாடத்தை வாங்கிவிடுவது. படிப்பு சொல்வளத்தைத் தரும், வாக்கியத்தின் ஓசையைக் காதில் பதிக்கும். ஒரு கருத்தை இரண்டு பக்கத்துக்குக் கைநழுவாமல் கொண்டுபோகும் திறன் எழுதி எழுதித்தான் வரும். நாவல் நாவலாகப் படிக்கும் பிள்ளை ஒரு பத்திக் கட்டுரையைச் சுருக்கச் சொன்னால் விழிப்பது சாதாரணமாக நடப்பது.

எந்தப் பாடத்திட்டமும் பாதி வேலையைத்தான் செய்யும். எழுதிய தாளை ஒருவர் உட்கார்ந்து படித்து, எங்கே புரியவில்லை என்று சொல்வது மறுபாதி. வீட்டில் அந்த ஒருவர் நீங்கள்தான். ஆகவே இரண்டு கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே காசைச் செலவிடுங்கள்: பிள்ளையின் எழுத்து எந்த இடத்தில் உடைகிறது? வாரத்துக்கு எத்தனை நிமிடம் உங்களால் அதைப் படித்துப் பேச முடியும்? அட்டையில் போட்டிருக்கும் வகுப்பு எண்ணை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

படி 1: வாங்குவதற்கு முன் மூன்று தாள்

ஒரே வாரத்தில், வெவ்வேறு நாட்களில், உதவி எதுவும் செய்யாமல் மூன்று மாதிரிகள் எழுதி வாங்குங்கள்.

முதல் தாள் சுருக்கம். பிள்ளை முன்பு படித்திராத, 500 முதல் 600 சொல் அளவுள்ள ஓர் அறிவியல் அல்லது வரலாற்றுக் கட்டுரையைக் கொடுங்கள். படித்து முடித்ததும் அதை மூடிவைத்துவிட்டு 20 நிமிடத்தில் 100 முதல் 150 சொல்லில் எழுத வேண்டும். தமிழ் இரண்டாம் தாளில் நாம் எழுதிய ‘மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக’ என்பதன் கடினமான வடிவம் இது. எது முக்கியம், எது துணை என்று பிரிக்கத் தெரிகிறதா என்பதை இது காட்டிவிடும்.

இரண்டாவது கருத்து. வீட்டில் உண்மையிலேயே விவாதத்தில் இருக்கும் ஒரு கேள்வியாக இருக்கட்டும்: 13 வயதில் சொந்தக் கைபேசி வேண்டுமா, கோடை விடுமுறையிலும் பாடம் தொடர வேண்டுமா என்பது போல. 30 நிமிடம். ‘நண்பனின் முக்கியத்துவம்’ வகைத் தலைப்பு வேண்டாம். அதற்கு யாருமே உயிருள்ள எழுத்தைத் தர முடியாது.

மூன்றாவது விளக்கம். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அது சதுரங்கத் திறப்பாக இருக்கலாம், மின்கிராஃப்ட் கணினி விளையாட்டின் சிவப்புக்கல் சுற்றாக இருக்கலாம், தெரியாதவருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுத வேண்டும்.

மூன்றில் ஒன்றைக் கையால் எழுதச் சொல்லுங்கள், ஒன்றைத் தட்டச்சில். முடிந்த பிறகு மூன்றாவது விஷயத்தையே வாயால் சொல்லச் சொல்லி நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எழுதியதைவிடப் பலமடங்கு செறிவாக இருந்தால், சிக்கல் சிந்தனையில் இல்லை; கையில் இருக்கிறது. எழுத்துப் பாடத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. தினம் 10 நிமிடம் தட்டச்சுப் பயிற்சி, முதல் வரைவைச் சொல்லி எழுதவைப்பது ஆகியவற்றில் தொடங்குங்கள். எழுதும்போது கை வலிக்கிறது, எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை என்றால் டிஸ்கிராஃபியா என்னும் எழுதுதல் குறைபாடு இருக்கிறதா என்று தகுதியுள்ளவரிடம் காட்டுவது நல்லது. பல மாநிலங்கள் ஏற்ற காமன் கோர் என்னும் பள்ளிக் கல்வித் தரநிலை ஆறாம் வகுப்பிலேயே ஒரே அமர்வில் மூன்று பக்கம் தட்டச்சு செய்யும் திறனை எதிர்பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: குற்றத்தைப் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தல்

மாதிரிகளைப் படிக்கும்போது சிவப்புப் பேனா வேண்டாம். எழுத்துப்பிழையைத் தேடும் கண் மற்றதைப் பார்க்காது. இதற்குக் கைகொடுக்கும் பட்டியல் ஒன்று நம்மிடமே இருக்கிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் என்று நன்னூல் பாயிரம் சொல்வது ஏழாம் வகுப்பு ஆங்கிலக் கட்டுரைக்கும் அப்படியே பொருந்தும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பத்தில் ஒன்றே ஒன்றுதான் சொற்பிழை பற்றியது. நாம் திருத்தும் தாளில் கணக்குத் தலைகீழாக இருக்கும்.

திறமையுள்ள பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுபவை நான்கு.

குன்றக் கூறல்: ‘கைபேசி தேவை, ஏனென்றால் பாதுகாப்பு’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். அதற்குமேல் என்ன சொல்வது என்று கேட்கும். தனக்கு வெளிப்படையாகத் தெரிவது படிப்பவருக்கும் தெரியும் என்ற நினைப்புதான் காரணம். இதற்குத் தேவை பொருள் திரட்டும் பயிற்சி.

மற்றொன்று விரித்தல்: விளக்கத் தாளில் சதுரங்கம் பாதி, அதைக் கண்டுபிடித்தவர்கள் பாதி, தன் போட்டி அனுபவம் கொஞ்சம். தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறது. தேவை வரிசைப்படுத்தல், அதாவது எழுதுமுன் கருத்துகளைச் சிறு குறிப்புகளாக வரிசையிடும் குறிப்புச் சட்டகம்.

வெற்றெனத் தொடுத்தல்: பெரிய சொற்கள் அடுக்கடுக்காக வரும், பொருள் இருக்காது. நிறையப் படித்த பிள்ளையின் தனிநோய். தேவை வாக்கிய அளவிலான வேலை.

சென்று தேய்ந்து இறுதல்: முதல் பத்தி பிரமாதம், மூன்றாவது பத்தியில் ஐந்து வரி, முடிவு இல்லை. எழுத்துப் பழக்கம் குறைவு என்பதும், முடிவைத் தெரியாமல் தொடங்குவது என்பதும் இதன் இரண்டு காரணங்கள்.

ஐந்தாவதாக ஒன்று பட்டியலில் இல்லை, ஏனென்றால் அதில் எழுத்தே இருக்காது: வெள்ளைத் தாள். 30 நிமிடம் கழித்தும் இரண்டு வரி, அதுவும் அடித்து எழுதியது. முதல் வாக்கியமே தான் படித்த நாவலின் முதல் வாக்கியம் போல வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் பிள்ளை இது. சோம்பல் என்று திட்டிவிடாதீர்கள். ரசனை கையை முந்திப் போய்விட்டது, அவ்வளவுதான்.

மூன்று தாளிலும் திரும்பத் திரும்ப வரும் குற்றம் எது? அந்த ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் அதற்காகத்தான்.

படி 3: ஆய்வு எதைச் சொல்கிறது

விளம்பரங்களைப் படிப்பதற்கு முன் ஒரே ஓர் அறிக்கையைத் தெரிந்துகொண்டால் போதும். 2007-இல் கார்னகி கார்ப்பரேஷனுக்காக ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் தயாரித்த ‘ரைட்டிங் நெக்ஸ்ட்’, நான்கு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான எழுத்துக் கற்பித்தல் ஆய்வுகளைத் தொகுத்து, பலன் தரும் 11 கூறுகளை வரிசைப்படுத்தியது. திட்டமிடுதல், வரைவு, திருத்தம் ஆகியவற்றின் உத்திகளை நேரடியாகக் கற்பிப்பதும், சுருக்கி எழுதக் கற்பிப்பதும் முதலிடத்தில், விளைவளவு (எழுத்து எவ்வளவு மேம்பட்டது என்று காட்டும் எண்) 0.82. வாக்கிய இணைப்புப் பயிற்சி 0.50. தனியாக இலக்கணம் நடத்துவது எதிர்மறை: கழித்தல் 0.32.

கடைசி எண்ணைப் பார்த்து இலக்கணமே வேண்டாம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. இலக்கணப் பயிற்சித்தாள் எழுத்தை உயர்த்தாது என்பதே அதன் பொருள். ‘எழுத்துத் திட்டம்’ என்ற பெயரில் வருவதில் பாதிப் பக்கங்கள் வினைச்சொல்லை வட்டமிடு, காற்புள்ளி இடு என்று இருந்தால் அதை இலக்கணப் புத்தகமாகக் கணக்கில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு வேறு தேடுங்கள்.

படி 4: எது எதற்கு

சந்தையில் டஜன் கணக்கில் இருக்கின்றன. கீழே உள்ளவை வெவ்வேறு வழிகளின் பிரதிநிதிகள். உங்கள் கண்ணில் படும் மற்றவை பெரும்பாலும் இவற்றில் ஒன்றின் சாயலாக இருக்கும்.

ஐஇடபிள்யூ (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்). ஆண்ட்ரூ புடேவா நடத்தும் காணொளிப் பாடங்கள். ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ‘பி’ நிலை. முதல் ஆண்டுத் தொகுப்பு 24 வாரம். ஒரு சிறிய மூலப் பத்தியை எடுத்து, வாக்கியத்துக்கு மூன்று முக்கியச் சொற்கள் வீதம் குறித்துக்கொண்டு, மூலத்தை மூடிவிட்டு, குறிப்பைக் கொண்டு சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளமையில் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்க் கட்டுரைகளை வைத்துத் தனக்குத்தானே செய்துகொண்ட பயிற்சியும் ஏறக்குறைய இதுதான். அலகுகள் ஒன்பது, குறிப்பெடுப்பதில் தொடங்கிப் பல மூலங்களை இணைத்தல், கட்டுரை வடிவங்கள், நூல் விமர்சனம் வரை போகும். வெள்ளைத் தாள் பிள்ளைக்கு இதைவிடச் சீக்கிரம் எழுதவைக்கும் வழி இல்லை, ஏனென்றால் ‘என்ன எழுதுவது’ என்ற கேள்வியே அங்கே எழாது.

இதன் கோளாறு சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வினையடை, ஒரு ‘விச்’ துணைவாக்கியம், ஒரு ‘பிகாஸ்’ துணைவாக்கியம் என்று கேட்கும். எழுத்து கைவராத பிள்ளைக்கு இது ஊன்றுகோல். ஏற்கெனவே நல்ல காது உள்ள பிள்ளை, பட்டியலை நிறைவேற்றுவதற்காகத் தன் நல்ல வாக்கியத்தைக் கெடுத்து எழுதும். தீர்வு எளிது: ஒரு கூறு இயல்பாக வரத் தொடங்கியதும் பட்டியலிலிருந்து அதை அடித்துவிடுங்கள். வெற்றெனத் தொடுக்கும் பிள்ளைக்கு இந்தத் திட்டமே வேண்டாம். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதாகிவிடும்.

ரைட்டிங் வித் ஸ்கில். சூசன் வைஸ் பாயர் எழுதியது. மூன்று நிலைகள், நிலைக்கு 36 வாரம், வாரத்துக்கு நான்கு நாள். மாணவரை நோக்கியே எழுதப்பட்டது, எனவே தனியாக உட்கார்ந்து படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு உகந்தது. ஆசிரியர் நூல் தனியாக உண்டு; மாதிரி விடைகளும் மதிப்பீட்டுக் குறிப்புகளும் அதில் இருக்கும். கதைச்சுருக்கம், வரைச்சட்டகம், காலவரிசைப்படி ஒரு நிகழ்வை எழுதுதல், இட வருணனை, அறிவியல் வருணனை, வாழ்க்கைக் குறிப்பு என்று சிறுசிறு வடிவங்களைக் கற்றுத்தந்து பிறகு அவற்றைச் சேர்த்து நீளக் கட்டுரை கேட்கும். அடிக்குறிப்பு இடுவதும் கருத்துத் திருட்டைத் தவிர்ப்பதும் முதல் நிலையிலேயே வந்துவிடும். மற்றொன்று விரிக்கும் பிள்ளைக்கு இதுவே நம் முதல் பரிந்துரை.

குறை என்றால் வறட்சி. சொந்தக் கருத்துக்கும் கற்பனைக்கும் இடம் குறைவு. திறமையுள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் தொடங்கலாம் என்று சொல்லி 10 வயதில் திணிக்கும் வீடுகளில் வெறுப்புதான் மிஞ்சும். பயிற்சிகள் எளிதாகத் தொடங்கிச் சட்டென்று செங்குத்தாக ஏறுவதால் 12, 13 வயதில் தொடங்குவது பாதுகாப்பு.

பிரேவ் ரைட்டர். ஜூலி போகார்ட்டின் வழி. பிழை, வடிவம் எதையும் பாராமல் குறித்த நேரம் எழுதிக்கொண்டே போவது இதன் அடிப்படை. நான்கைந்து தடவை அப்படி எழுதியதில் ஒன்றைத் தேர்ந்து செப்பனிட்டு முழுமையாக்குவது அடுத்தது. குரல் இழந்த எழுத்துக்கும், வெள்ளைத் தாளுக்கும், குன்றக் கூறலுக்கும் நல்லது. ஆனால் இதில் நாள்வாரி அட்டவணை உங்கள் பொறுப்பு. எதைத் திருத்துவது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ‘திங்கள்: பக்கம் 14’ என்று கேட்கும் பெற்றோர் இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிடுவார்கள்.

லாஸ்ட் டூல்ஸ் ஆஃப் ரைட்டிங். சர்சி நிறுவனத்தின் வெளியீடு. இன்னார் இன்னது செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆம், இல்லை, சுவாரசியமானவை என்று தாளை மூன்று நிரலாகப் பிரித்துக் கருத்துகளைக் கொட்டச் சொல்லும். பிறகு ஒப்பீடு, வரையறை, சூழல், காரண உறவு, சான்று என்ற ஐந்து கோணங்களில் அதே கேள்வியைத் துருவும். குன்றக் கூறலுக்கு இதைப்போல் மருந்து கிடையாது. முதல் கட்டுரைகள் எலும்புக்கூடு போல இருக்கும், பதற வேண்டாம், வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நடத்துபவர் முன்கூட்டியே படித்துத் தயாராக வேண்டும் என்பது இதன் விலை.

ரைட்டிங் அண்ட் ரெட்டரிக். கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ் வெளியிடும் 12 புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்துக்கு. பண்டைய கிரேக்க, ரோமானியப் பயிற்சி வரிசையைப் பின்பற்றி நீதிக்கதை, கதை, பழமொழி விரிவு, மறுப்பும் நிறுவலும், புகழ்ச்சி, ஒப்பீடு என்று மேலே ஏறும். கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பிடிக்கும். ஏழாம் வகுப்பில் முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினால் சலித்துவிடும். வெளியீட்டாளர் தரும் மாதிரிப் பக்கங்களைப் பார்த்து நடுவில் நுழையுங்கள்.

கில்கேலன் வாக்கியப் புத்தகங்கள். முழுப் பாடத்திட்டம் இல்லை, துணைப் பயிற்சி. நல்ல எழுத்தாளர்களின் வாக்கியங்களைக் கலைத்து அடுக்குதல், இணைத்தல், அவற்றைப் போலவே எழுதுதல், விரித்தல் என்று நான்கு வேலை. இணைத்தல் என்பது இப்படி: ‘படகு சிறியது. படகு கசிந்தது. மீனவர் அதில் கடலுக்குப் போனார்’ என்பது ‘கசியும் அந்தச் சின்னப் படகிலேயே மீனவர் கடலுக்குப் போனார்’ ஆகும். தினம் 10 நிமிடம் போதும். மேலே சொன்ன எதனோடும் ஒட்டும். வெற்றெனத் தொடுக்கும் பிள்ளைக்கு இதை விட்டுவிடாதீர்கள்.

சமயம் பற்றி இரண்டு வரி. ஐஇடபிள்யூ, சர்சி, கிளாசிக்கல் அகாடமிக் மூன்றும் கிறிஸ்தவப் பின்னணி கொண்டவை. எல்லாப் புத்தகத்திலும் அது ஒரே அளவில் இருக்காது. வேதாகமத்தையே மூலமாக வைத்த தொகுப்புகளும் உண்டு, பொதுவான கட்டுரைகளைக் கொண்டவையும் உண்டு. மாதிரிப் பக்கங்களில் மூலப் பத்திகளைப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி (அரசு நிதியில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் பள்ளி) வழியாகப் பணம் பெற்று வாங்குபவர்களுக்கு இது ரசனை சார்ந்த விஷயம் கூட இல்லை: அரசுப் பணத்தில் சமயச் சார்புள்ள பாடநூல் வாங்க முடியாது.

படி 5: உங்கள் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஒரு பக்கத்தைக் கவனமாகப் படித்துப் பேச 15 முதல் 20 நிமிடம் ஆகும். வாரத்துக்கு மொத்தம் 30 நிமிடம்தான் கிடைக்கும் என்றால் ரைட்டிங் வித் ஸ்கில் அல்லது ஐஇடபிள்யூ காணொளிப் பாடமே நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும் என்றால் லாஸ்ட் டூல்ஸ், பிரேவ் ரைட்டர் இரண்டும் திறந்திருக்கின்றன. 30 நிமிடமும் இல்லை என்றால் புத்தகம் வாங்குவது வீண். ஆசிரியர் திருத்தித் தரும் இணைய வகுப்புக்குப் போங்கள். செலவு கூடும்.

இணைய வகுப்பில் சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை: ஒரு பருவத்தில் எத்தனை கட்டுரைகளை ஆசிரியர் முழுமையாகப் படித்துக் கருத்து எழுதுவார்? எத்தனை நாளில் திரும்பும்? திருத்தி எழுதியதை மறுபடி பார்ப்பாரா? வகுப்பில் எத்தனை பேர்? திருத்திய தாள் ஒன்றை, பெயர் நீக்கி, காட்டச் சொல்லுங்கள். அதில் மதிப்பெண்ணும் ‘குட் ஜாப்’ என்பதும் மட்டும் இருந்தால் வேறிடம் பாருங்கள்.

வீட்டில் நீங்களே படிப்பதானால் முறை இது. முதல் வாசிப்பில் கையில் பேனா இருக்கக் கூடாது. இரண்டாவது வாசிப்பில் உள்ளடக்கம் பற்றி ஒன்று, வாக்கியம் பற்றி ஒன்று, ஆக இரண்டே குறிப்புகள். உள்ளடக்கக் குறிப்பைக் கேள்வியாகக் கேளுங்கள்: ‘இதை எதை வைத்துச் சொல்றே?’, ‘இந்தப் பத்தியை எடுத்துட்டா என்ன குறையும்?’, ‘அப்பா இதை ஒத்துக்க மாட்டார்னு வச்சுக்கோ, என்ன சொல்வார்?’ மூன்றாவது கேள்வி விளையாட்டு இல்லை. எதிர்க்கருத்தும் உண்டு என்று குறிப்பிடுவது காமன் கோரில் ஏழாம் வகுப்பில்தான் முதல்முறையாக வருகிறது. எழுத்துப்பிழை உள்ள வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள். பிழையைப் பிள்ளை தேடட்டும். எழுதிய அன்றே திருத்தச் சொல்லாதீர்கள், குறைந்தது ஓர் இரவு கடக்கட்டும். அன்றைக்கே படித்தால் தாளில் இருப்பது தெரியாது, மனத்தில் இருப்பதுதான் தெரியும்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ ஆங்கிலம் கற்ற பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் கற்றவர்கள். மேற்கோள் குறிக்கு வெளியே முற்றுப்புள்ளி வைத்துப் பழகியவர்கள். அமெரிக்க வழக்கில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேற்கோளுக்கு உள்ளே வரும். ‘கலர்’ என்பதில் ‘யு’ வராது. சரியாக எழுதியதைத் தவறென்று திருத்திவிட்டால் அடுத்த திருத்தத்தைப் பிள்ளை நம்பாது. அமெரிக்க நடைக் கையேடு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு சந்தேகம் வந்தால் இருவருமாகப் பார்ப்பதே நல்லது. எழுதுவதற்கு முன் விஷயத்தைத் தமிழில் பேசித் தெளிவாக்கிக்கொள்வதில் தடையேதும் இல்லை.

படி 6: ஆறு வார ஒத்திகை

முழு ஆண்டுக்கும் வாங்கிவிடாமல் வெளியீட்டாளரின் இலவச மாதிரிப் பாடங்களையோ பழைய புத்தகத்தையோ வைத்து ஆறு வாரம் ஓட்டிப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 35 முதல் 45 நிமிடம்.

திங்களன்று மூலத்தைப் படித்துக் குறிப்புச் சட்டகம். செவ்வாயன்று வரைவு, 150 முதல் 300 சொல். புதனன்று 10 நிமிட வாக்கியப் பயிற்சி, மீதி நேரம் வரைவை முடித்தல். வியாழனன்று உங்கள் இரண்டு குறிப்புகளோடு திருத்தம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றை 500 முதல் 700 சொல்லுக்கு வளர்த்துச் செப்பனிட்டு, வீட்டுக்கு வெளியே ஒருவர் படிக்கக் கொடுங்கள். ஊரில் இருக்கும் தாத்தாவாக இருந்தாலும் சரி. படிப்பவர் இல்லாத எழுத்து நாளடைவில் பயிற்சித்தாளாகிவிடும்.

திறமையுள்ள பிள்ளைக்குப் பாடத்திட்டத்தைச் சுருக்கவும் தெரிய வேண்டும். ஒவ்வோர் அலகின் கடைசிப் பணியை முதலில் கொடுங்கள். நன்றாக வந்தால் அலகையே தாண்டுங்கள். மூலப் பத்தி சுவாரசியம் இல்லையென்றால் வடிவத்தை வைத்துக்கொண்டு பொருளை மாற்றுங்கள்: இந்த வாரம் வரலாற்றில் படிப்பது அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் சுருக்கமும் சட்டகமும் அதிலிருந்தே எடுக்கலாம். தெரியாத விஷயத்தைப் பற்றி நன்றாக எழுத யாராலும் முடியாது. எழுத்துப் பாடம் வரலாற்றோடும் அறிவியலோடும் ஒட்டினால் நேரமும் மிச்சம்.

ஆறு வாரத்தில் பார்க்க வேண்டியது பிள்ளைக்குப் பிடித்ததா என்பது மட்டும் அல்ல. முதல் இரண்டு வாரம் எல்லாமே பிடிக்கும், மூன்றாவது வாரம் எதுவும் பிடிக்காது. படி 2-இல் குறித்த குற்றம் ஆறாவது வாரத் தாளில் குறைந்திருக்கிறதா? உட்கார்ந்ததிலிருந்து முதல் வாக்கியம் வரை ஆகும் நேரம் குறைந்ததா? நீங்கள் உங்கள் பங்கை எத்தனை வாரம் செய்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு விடை ‘இரண்டு’ என்றால் திட்டத்தின் மீது பழி போடாமல் உங்களுக்கு இலகுவான ஒன்றைத் தேடுங்கள்.

எங்கே கெடுகிறது

இரண்டு முழுப் பாடத்திட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துவது. ஒன்று மூன்று சொல் குறிப்பு கேட்கும், இன்னொன்று முழு வாக்கியச் சட்டகம் கேட்கும். இரண்டும் அரைகுறையாகும். ஒரு முழுத் திட்டம், ஒரு 10 நிமிடத் துணை, அதற்கு மேல் வேண்டாம்.

ஐந்து பத்திக் கட்டுரையை எல்லாவற்றுக்கும் அச்சாக்குவது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாம் பழகியதன் அமெரிக்கப் பதிப்பு இது. கற்றுக்கொள்ளட்டும், தேர்வில் பயன்படும். ஆனால் கேள்விக்கு இரண்டு காரணம்தான் இருக்கும்போது மூன்றாவதைக் கற்பனை செய்ய வைத்தால் கூறியது கூறலைத்தான் கற்பிக்கிறோம்.

பல்கலைக்கழகப் பயம். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் விருப்பக் கட்டுரைப் பகுதி 2021 ஜூனோடு பொதுவாக நிறுத்தப்பட்டுவிட்டது. உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி அளவில் எழுதும் ஏபி ஆங்கில மொழித் தேர்வில் மூன்று கட்டுரைகள் உண்டு, ஆனால் அது பதினொன்றாம் வகுப்பையொட்டி வரும் வேலை. எட்டாம் வகுப்பு முடியும்போது ஒரு கருத்தை ஆதாரத்தோடு இரண்டு பக்கம் எழுதி, பிறர் சொன்னதற்கு அவர் பெயரைக் குறிப்பிட்டு, சொன்னபின் திருத்தவும் தெரிந்தால் நேரத்தோடு இருக்கிறீர்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். முதல் வரைவு கையால், அல்லது பதிப்பு வரலாறு காட்டும் ஆவணத்தில், அதுவும் கூடத்து மேசையில். ஒரே ஒட்டாக 400 சொல் வந்து விழுந்தால் பதிப்பு வரலாற்றில் தெரிந்துவிடும். பிடிப்பதைவிட முக்கியம், பிள்ளை ஏன் அங்கே போனது என்பது. பெரும்பாலும் பணி கைக்கு மீறியதாக இருந்திருக்கும். குறிப்புச் சட்டகத்தோடு ஒரு படி கீழே இறங்குங்கள்.

தாள்களைச் சேமித்தல்

50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூல் சட்டப்படி சரியே. பதிவு விதிகள் மட்டும் மாறும். டெக்சாஸில் பாடத்தில் வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை இருக்க வேண்டும். தாள்களை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. நியூயார்க்கில் தனிநபர் கற்பித்தல் திட்டம் கொடுத்து, காலாண்டு அறிக்கையும் ஆண்டு மதிப்பீடும் தர வேண்டும். நீங்கள் தேர்ந்த புத்தகத்தின் பெயர் அந்தத் திட்டத்தில் வரும், நடுவில் மாற்றினால் காலாண்டு அறிக்கையில் குறித்துவிடுங்கள். பென்சில்வேனியாவில் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் தொகுப்பைப் பார்ப்பார், எனவே எழுத்துத் தாள்கள் நேரடியாகவே தேவைப்படும்.

விதி இல்லாத மாநிலத்திலும் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுத் தாள்களைத் தேதியிட்டு, முதல் வரைவையும் கடைசி வடிவத்தையும் சேர்த்தே குத்திவையுங்கள். கடைசி வடிவம் மட்டும் இருந்தால் அதில் எவ்வளவு உங்களுடையது என்று சில மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. உயர்நிலைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்கும் என்பதால் இவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை; ஓரத்தில் நீங்கள் எழுதிய இரண்டு குறிப்புகளும் அப்படியே இருக்கட்டும்.